எல்லாம் விளையாடுவன்

எழுபதுகளில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை வழியில் மறித்து, "நீ என்ன விளையாடுறனி?" என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுதான்: "எல்லாம் விளையாடுவன்." அதே கேள்வியை அண்மையில் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வயதுப் பெடியன் ஒருவனிடம் கேட்டேன். "பன்னிரண்டு வயதுக்குக் கீழ், உயரம் பாய்தல்" என்றான். வேறை? "வேறை ரியூசன்." சைக்கிளை உழக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் குரலில் பெருமை இருந்தது. இருக்கத்தான் வேண்டும், வலயமட்டத்தில் இரண்டாம் இடம் வந்த பிள்ளை. ஆனால் அவனுக்குத் தாச்சி மறிக்கத் தெரியாது. தான் பந்தை இடது காலால் உதைப்பவனா, வலது காலால் உதைப்பவனா என்று அவனுக்கே தெரியாது. பந்து அவன் காலடிக்கு வந்ததே குறைவு.

பிள்ளைகள் எந்த வயதில் ஒரே விளையாட்டுக்கு ஒதுங்க வேண்டும் என்று உலகமெங்கும் பேசுகிறார்கள். எங்கள் குடாநாட்டில் அதைப் பெரிதாக யாரும் பேசியதில்லை. பேசாமலே ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு வந்துவிட்டோம்.

அன்று எங்களிடம் யாரும் பல விளையாட்டும் விளையாடு, உடம்புக்கு நல்லது என்று புத்தி சொல்லவில்லை. தவணைக்குத் தவணை விளையாட்டு மாறும், அவ்வளவுதான். துடுப்பாட்டக் காலம் முடிந்தால் மட்டையும் மற்றிங்கும் விளையாட்டறைக்குள் போய்ப் பூட்டப்படும். பிறகு எவ்வளவு ஆசை வந்தாலும் எடுக்க முடியாது. சாவி சேரிடம் இருக்கும், சேர் உதைபந்தோடு நிற்பார். பள்ளிக்கூடத்துக்கு இருந்தது ஒரு மைதானம். அதில் ஒரு காலத்தில் ஒன்றுதான் நடக்கும். அதனால் துடுப்பாட்டத்தில் வேகப்பந்து வீசியவனே உதைபந்தில் கோல் காத்தான். மெய்வல்லுநர் போட்டி வந்தால் ஈட்டியையும் அவனே தூக்கினான். மூன்று விளையாட்டிலும் வர்ண விருது எடுத்த அண்ணாமார் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இருந்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்க்கவென்றே வேலியோரம் நிற்போம்.

வீட்டுக்கு வந்தால் வளவிலும் அதே கதை. தைப்பொங்கலை ஒட்டி வாடைக் காற்று நிற்கும் மட்டும் பட்டம். சித்திரை வருசத்துக்குப் போர்த்தேங்காய். மாரி விட்டு நிலம் இறுகினால் தாச்சி, கிட்டிப்புள்ளு, பேணிப்பந்து. இவற்றை இன்று ஒரு பயிற்றுநரின் கண்ணோடு நினைத்துப் பார்க்கிறேன். தாச்சியில் கோட்டைக் கடக்க நிற்கிற பிள்ளை முழங்காலைச் சற்று மடித்து, பாரத்தை இரண்டு காலிலும் சமமாக வைத்து, மறிப்பவனின் கண்ணைப் பார்த்தபடி ஒரு பக்கம் போவதுபோலக் காட்டி மறுபக்கம் பாயும். உதைபந்திலும் வலைப்பந்திலும் பயிற்றுநர்கள் கூம்புகளை நட்டு வைத்து இதைத்தான் பழக்குகிறார்கள். பேணிப்பந்தில் அடுக்கிய பேணிகளை விழுத்துவதற்கு எறியும் கை. கிட்டிப்புள்ளில் நிலத்தில் இருந்து எகிறும் சின்னக் குச்சியை அந்தரத்தில் அடிக்கும் கண். பட்டத்தை ஏற்றுவதற்குப் பின்பக்கமாக ஓடுவது. ஒரு பிள்ளையின் உடம்பு ஒரு வருசத்துக்குள் எத்தனை விதமாக வளைந்தது, திரும்பியது, குதித்தது! அதற்கு யாரும் பயிற்சித் திட்டம் எழுதவில்லை.

நீச்சலும் அப்படித்தான் வந்தது. வலிகாமத்துப் பெடியளுக்குக் கீரிமலைக் கேணி. கட்டில் ஏறி நின்று குதித்து, மூழ்கி, அடித்தளத்துக் கல்லை எடுத்துக் காட்டியவன் அன்றைக்கு வீரன். வடமராட்சியில் கடலே முற்றம். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் இந்தியக் கரைக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலங்கள். ஆழிக்குமரன் என்று ஊர் அவரைக் கொண்டாடியது. ஆனால் அவர் நீந்துவதோடு நிற்கவில்லை. நாட்கணக்காகச் சைக்கிள் ஓட்டினார், ஒற்றைக் காலில் நின்றார், இடைவிடாமல் நடனமாடினார். ஒவ்வொன்றிலும் கின்னஸ் சாதனை. 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிர் போனது. தன் உடம்பால் வேறு என்ன செய்யலாம் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்த மனிதர் என்றுதான் நான் அவரை நினைக்கிறேன்.

இல்ல மெய்வல்லுநர் போட்டியைச் சொல்லாமல் அன்றைய கதை முடியாது. இரண்டு கிழமைக்கு முன்பே பிள்ளைகள் படிப்பை மறந்துவிடுவார்கள். கிடுகாலும் தென்னோலையாலும் இல்லம் கட்டுவது, அணிநடை பழகுவது, கயிறிழுத்தலுக்குப் பாரமானவர்களைத் தேடிப் பிடிப்பது. ஓட்டத்தில் வெல்ல மாட்டோம் என்று தெரிந்த பிள்ளைக்கும் ஒரு வேலை இருந்தது. எங்கள் இல்லப் பொறுப்பாசிரியர் எல்லாரையும் எல்லா நிகழ்ச்சிக்கும் இறக்கிவிடுவார். தகுதிகாண் சுற்றில் குண்டு போட்டுப் பார், முப்பாய்ச்சல் பாய்ந்து பார் என்பார். ஒரு புள்ளி கிடைத்தாலும் இல்லத்துக்குப் புள்ளிதானே. இப்படி இறக்கிவிடப்பட்டுத்தான் பல பேர் தங்களுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தனிநபர் சம்பியன் கேடயம் பல நிகழ்ச்சிகளின் புள்ளிகளைக் கூட்டித்தான் கிடைக்கும். ஓடத் தெரிந்தவன் பாயவும், பாயத் தெரிந்தவன் எறியவும் பழகியே ஆகவேண்டும். ஒன்றில் மட்டும் கெட்டிக்காரனுக்கு அந்தக் கேடயம் இல்லை.

அந்த மண்ணில் இருந்து போனவர்தான் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவன். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தபோது வயது 17. 1956இல் மெல்போர்ன். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. நடுவில் அமெரிக்காவில் படிப்பு, பிறகு கலாநிதிப் பட்டம், ஆபிரிக்காவில் ஆசிரியப் பணி. 2024 ஏப்ரலில் தனது 89ஆவது வயதில் காலமானார். அவர் எடுத்த தங்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதற்குப் பிறகான அவரது அறுபது ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றும். விளையாட்டும் கல்வியும் ஒன்றையொன்று தின்னும் என்று பயப்படுகிற ஊரில் அந்த வாழ்க்கை ஒரு பெரிய சாட்சி.

ஆனாலும் அன்று எல்லாம் பொற்காலம் என்று எழுத என் மனம் இடம் தராது. "எல்லாம் விளையாடுவன்" என்று சொன்னது பெரும்பாலும் பெடியள். என் அக்காமாருக்கு வலைப்பந்தும் இல்ல ஓட்டமும் மட்டும்தான் இருந்தன. பெரிய பிள்ளையானதும் பலருக்கு அதுவும் நின்றது. உயரம் பாய்வதற்குப் பாவாடையோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாக் கேணியும் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் திறந்திருக்கவில்லை. நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்களுக்குத்தான் மைதானமும் மற்றிங்கும். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் துடுப்பாட்டம் என்றால் ஊரே முற்றவெளிப் பக்கம் திரளும். அந்தத் திரளில் நின்ற கிராமத்துப் பிள்ளைகள் பலர் தோல் பந்தைக் கையால் தொட்டதே இல்லை. அவர்கள் எல்லாம் விளையாடினார்கள் என்பது உண்மைதான். எதையும் ஒழுங்காகப் பழக்கிவிட ஒருவரும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

பிறகு யுத்தம். 1990இல் பலாலியைச் சுற்றிய பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகி, வலிகாமம் வடக்கின் பள்ளிக்கூடங்கள் மைதானங்களை விட்டு வேறு ஊர்களில் கொட்டில்களுக்குள் நடந்தன. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. ஊரடங்கு என்றால் மாலை நாலு மணிக்கே படலை சாத்தப்படும். விளையாட்டு மாலையில்தான் வாழும். அந்த மாலையைத்தான் எங்களிடம் இருந்து எடுத்தார்கள். இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்து புத்தகம் படித்து வளர்ந்தார்கள். பெற்றோரைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்பதே பெரிய நிம்மதியாக இருந்த காலம். அந்தப் பழக்கம் யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகும் போகவில்லை என்பதுதான் துயரம். அன்று பயம் பூட்டிய படலையை இன்று பரீட்சை பூட்டுகிறது.

இன்றைய பிள்ளையின் நாளைப் பார்ப்போம். நாலாம், ஐந்தாம் வகுப்பு முழுதும் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளை விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறது. அந்த இரண்டு ஆண்டும் உடம்பு புதிய அசைவுகளை மிக இலேசாகப் பிடித்துக்கொள்ளும் ஆண்டுகள். அவை கதிரையில் போகின்றன. ஆறாம் வகுப்புக்கு வந்தால் பழையபடி ரியூட்டறி. பள்ளிக்கூடம் விட்ட பின் கிடைப்பது ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தைப் பல விளையாட்டுக்குப் பிரித்தால் ஒன்றிலும் பதக்கம் வராது. ஆகவே ஒன்று மட்டும்.

எங்கள் பிள்ளைகள் ஒரே விளையாட்டுக்கு ஒதுங்குவது அந்த விளையாட்டின் மேல் வந்த மோகத்தால் அல்ல என்பதை இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் பணம் இருக்கிற பெற்றோர் ஆண்டு முழுதும் பயிற்சிக் கழகங்களுக்குக் கட்டணம் கட்டிப் பிள்ளையை ஒன்றுக்குள் தள்ளுகிறார்கள். இங்கே நேரம் இல்லாத பெற்றோர் தள்ளுகிறார்கள். விளையாட்டுக்கு ஒரு சான்றிதழ் வந்தால்தான் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வீட்டில் கணக்குச் சொல்லலாம். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்கென்று சிறிய விசேட ஒதுக்கீடு உண்டு என்பதும் பெற்றோர் காதில் விழுந்திருக்கிறது. கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏணி பன்னிரண்டு வயதுக்குக் கீழேயே தொடங்குகிறது. ஏணியில் ஏறிய பிள்ளையின் படம் பள்ளிக்கூட வாசலில் பதாகையாகத் தொங்கும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அதைப் பார்த்துச் சப்பாத்து அனுப்புவார்கள். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் பதாகையில் ஏறிய பிள்ளைக்கு அடுத்த நாள் முதல் ஒரு புதிய சொல் வருகிறது: "பந்தடிக்கப் போகாதை, காலை முறிச்சுப் போடுவாய்."

எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது நடந்தது. பன்னிரண்டு வயதில் நீளம் பாய்தலில் மாகாணமட்டம் வரை போனவள். கிழமைக்கு ஐந்து நாள், செம்பாட்டு மண் இறுகிய பாதையில் ஓடி வந்து, எப்போதும் இடது காலிலேயே மிதித்துப் பாய்வாள். வேறு எதுவும் விளையாட விடவில்லை. பதின்மூன்று வயதில் மள மளவென்று வளர்ந்தாள். முழங்காற் சில்லுக்குக் கீழே புடைத்தது, படி இறங்க முடியவில்லை. எண்ணெய் போட்டு உருவிப் பார்த்தார்கள், கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வைத்தியர் விளக்கிச் சொன்னார். வளர்கிற வயதில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இன்னும் இறுகாத பச்சைப் பாகம். எலும்பு நீளுகிற வேகத்துக்குத் தசைநார் நீளாது. ஒரே காலில் ஆயிரக்கணக்கான தடவை மிதித்தால் அந்தத் தசைநார் எலும்பின் பச்சைப் பாகத்தை இழுத்துப் புண்ணாக்கும். வேகப்பந்து வீசும் பெடியளுக்கு இதே மாதிரி அடிமுதுகில் வெடிப்பு வரும். மருந்து என்று பெரிதாக இல்லை. மாதக்கணக்கில் பாய்வதை நிறுத்த வேண்டும்.

அவளைப் பழக்கிய சேரில் எனக்குக் கோபம் இல்லை. தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கிக் கொடுத்து, தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கியவர் அவர். அந்தப் பிள்ளை பதக்கம் எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு மணல் குழிக்கு மணல் போடக்கூடப் பணம் கேட்க முடியாது என்பதுதான் அவர் நிலைமை.

ஒன்றில் ஊன்றிய உழைப்பு இந்த மண்ணுக்குத் தந்ததையும் மறைக்கக் கூடாது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்பிள்ளைகள் உதைபந்தில் அகில இலங்கை மட்டத்தில் வென்றார்கள்; என் அக்காமார் கனவிலும் காணாதது. அதே மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை ஒரு தடவை அல்ல, பல தடவை புதுப்பித்தார். கோலை ஊன்றித் தலைகீழாக மேலே போவதை யாரும் வளவில் விளையாடிப் பழக முடியாது. அதற்கு ஒரு பயிற்றுநர் வேண்டும், ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரிமியர் லீக்கில் ஆடிய முதல் யாழ்ப்பாணத்து வீரரானார். 2024 மே மாதத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். மைதானத்தில் மணிக்கட்டைச் சுழற்றினார். சுழல் பந்து வீச்சு ஆயிரம் தடவை வீசியவனுக்குக்கூட ஆயிரத்தோராவது தடவை கைவிட்டுப் போகிற வித்தை. இவர்கள் ஊன்றாமல் வந்தவர்கள் இல்லை. ஊன்ற வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்கிறேன்.

முரளிதரன் பள்ளிக்கூடத்தில் மிதவேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் சுழலுக்கு மாறினார். பத்து வயதிலேயே மிதவேகம் என்று அவரை முத்திரை குத்தி மூடியிருந்தால் 800 டெஸ்ட் விக்கெட் எங்கே? இதே குடாநாட்டின் ஏவினையில் இருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் இன்னொரு விதம். 6 அடி 10 அங்குல உயரம். 2011 உலக வலைப்பந்துப் போட்டியில் மிகச் சிறந்த பந்தெறியாளர்; 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியின் தூண்; 2019இல் நாற்பதை ஒட்டிய வயதில் மறுபடியும் உலகக் கிண்ணத்தில் கோல் மழை. அவருடைய பெரிய ஆண்டுகள் எல்லாம் முப்பதுக்குப் பின்னால் வந்தவை. பதின்மூன்று வயதுப் பதக்கத்தைக் கொண்டு ஒரு பிள்ளையை அளந்து முடிக்கிறவர்கள் அவரைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால் வல்லுநர் ஆகலாம் என்று ஒரு கதை உலகமெல்லாம் பரவியது. அதன் வேர் உளவியலாளர் அன்டெர்ஸ் எரிக்சன் 1993இல் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதிய ஆய்வு. தான் சொன்னதை, அதைப் பரப்பிய எழுத்தாளர் மல்கம் கிளாட்வெல் எளிமைப்படுத்திவிட்டார் என்று எரிக்சனே பின்னர் மறுத்தார். மறுப்பு எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. பத்தாயிரம் மட்டும் வந்தது. 2021இல் ஆய்வாளர் ஆர்னே குலிக்கும் அவரது சகாக்களும் 6,000க்கு மேற்பட்ட வீரர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சிறு வயதுப் போட்டிகளில் முன்னுக்கு வந்தவர்கள் தங்கள் விளையாட்டை முந்தித் தொடங்கி அதிலேயே மூழ்கியவர்கள். வளர்ந்த பின் உலகத் தரத்தில் நின்றவர்களோ, பிள்ளை வயதில் வேறு விளையாட்டுகளிலும் நிறையப் பழகி, தங்கள் விளையாட்டைச் சற்றுப் பிந்தித் தொடங்கி, முதலில் மெதுவாக முன்னேறியவர்கள். வலயமட்டத்துக்கு உகந்த வழியும் ஒலிம்பிக்குக்கு உகந்த வழியும் வேறு வேறு என்று இதற்குப் பொருள். நாங்கள் வலயமட்டத்துக்கு உகந்ததைப் பிடித்துக்கொண்டு, ஏன் எதிர்வீரசிங்கத்துக்குப் பிறகு எங்கள் மண்ணுக்கு ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கம் வரவில்லை என்று கவலைப்படுகிறோம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கை 15, 16 வயது வரைக்கும் ஒரே விளையாட்டுக்கு ஒதுங்குவதைத் தள்ளிப்போடச் சொல்கிறது. கிழமைக்கு ஓரிரு நாளும் ஆண்டுக்கு மூன்று மாதமும் அந்த விளையாட்டில் இருந்து ஓய்வு என்றும் சொல்கிறது. உடல்வித்தை போன்ற சிலவற்றில் முந்தித் தொடங்கவேண்டி இருப்பதும் உண்மை. ஆனால் எங்கள் பெடியள் விளையாடும் உதைபந்து, கரப்பந்து, துடுப்பாட்டம், ஓட்டம் எதுவும் அந்தச் சிலவற்றுக்குள் இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி நோர்வே. யாழ்ப்பாணத்தில் அநேகமான குடும்பத்துக்கு அங்கே ஓர் உறவு இருக்கும். பிள்ளைகளின் விளையாட்டு உரிமை என்று 1987இல் அந்த நாட்டு விளையாட்டு அமைப்பு விதி வகுத்தது. பதின்மூன்று வயதுக்கு முன் தேசியச் சம்பியன் போட்டிகள் கிடையாது. பதினொரு வயதுக்கு முன் யார் முதலாவது, யார் கடைசி என்று பட்டியல் போடக்கூடாது. இப்படிப் பிள்ளைகளைத் தரம் பிரிக்காமல் வளர்க்கிற நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கம் எடுத்தது. 2022இல் 16 தங்கம். ஒஸ்லோவில் இருக்கும் என் மச்சாளின் பேரன் கோடையில் உதைபந்து, மாரியில் பனிச்சறுக்கு, நடுவில் கைப்பந்து. தொலைபேசியில் அவனிடம் என்ன விளையாடுகிறாய் என்று கேட்டபோது தன் குழறல் தமிழில், "எல்லாம், மாமா" என்றான். பேரன் பாட்டனை மாமா என்று கூப்பிட்டதைத் திருத்தக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

இங்கே, 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணத்து மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நட்டார்கள். 2020, 2021, 2022, 2024 என்று நான்கு முறை யாழ்ப்பாணத்தின் பேரில் ஓர் அணி லங்கா பிரிமியர் லீக்கை வென்றபோதும் ஒரு போட்டிகூட இங்கே நடக்கவில்லை. ஆகவே அந்த மைதானம் வரட்டும், மனமாரச் சொல்கிறேன். கூடவே என் பயத்தையும் சொல்கிறேன். மைதானம் எழும்பியதும் எட்டு வயதுப் பிள்ளைக்கு முழுநேரத் துடுப்பாட்டம் பழக்கும் நிலையங்கள் எழும்பும். ஆறு மாதக் கட்டணம் முன்கூட்டியே வாங்குவார்கள். ரியூட்டறியை நடத்தத் தெரிந்த ஊருக்கு அது புதிய வித்தை இல்லை.

என் கையில் இருப்பது மூன்று கோரிக்கைதான். ஆரம்பப் பள்ளிகளில் சிறுவர் மெய்வல்லுநர் என்று ஓட்டமும் எறிதலும் பாய்தலும் கலந்த குழுப் போட்டி நடக்கிறது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடுகிற போட்டி அது. ஐந்தாம் வகுப்போடு அதை நிறுத்தாமல் பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிரிவுகளுக்கும் கொண்டுபோங்கள். அந்த வயதில் ஓட்டம், பாய்தல், எறிதல் மூன்றின் புள்ளியையும் கூட்டித்தான் பதக்கம் என்று வையுங்கள். அப்போது பயிற்றுநருக்கும் பிள்ளையைப் பலதும் பழக்க ஒரு காரணம் கிடைக்கும். அடுத்தது விளையாட்டறைப் பூட்டு. தவணை முடிந்தால் அந்த விளையாட்டின் சாமான் உள்ளே போகட்டும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. தரம் ஒன்பது வரையான பிள்ளைகளுக்கு வெள்ளி மாலையும் ஞாயிறும் தனியார் வகுப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாணத்தில் முடிவெடுத்தார்கள். அறநெறி வகுப்புக்காக எடுத்த முடிவு. அறநெறி காலையில் முடிந்துவிடும். மிச்ச நாளை மைதானத்துக்குக் கொடுக்கலாமே.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வைத்தியர் பாய வேண்டாம் என்றுதான் சொன்னார், விளையாட வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் வீட்டுக்குள் முகம் தூக்கிக்கொண்டு இருந்தாள். பிறகு ஒழுங்கைப் பிள்ளைகள் வந்து கூப்பிட்டார்கள். முதலில் பேணிப்பந்துக்கு எறிகிற வேலை மட்டும். பிறகு நின்றபடி கரப்பந்து தட்டினாள். இடது கையால் அவள் எறிவது அவள் அம்மாவுக்கே அப்போதுதான் தெரியவந்தது. போன ஞாயிறு உயரம் பாயும் அந்தப் பெடியனும் வந்து வேலிக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பந்தை அவன் பக்கம் எறிந்தாள். பிடிக்கத் தெரியாமல் நெஞ்சில் வாங்கினான், எடுத்துத் திருப்பி எறிந்தான், சைக்கிளை மதிலில் சாத்தினான்.

இந்தக் கிழமை சேர் அவள் வீட்டுக்கு வந்திருந்தார். பதினான்கு வயதுப் பிரிவுக்குப் பெயர் கொடுக்க வேண்டுமாம், கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவள் அப்பா தேத்தண்ணி கொடுத்து, நெடுநேரம் பேசாமல் இருந்து, பிறகு சொன்னார்: "இந்தத் தவணை போகட்டும் சேர். பிள்ளை இப்ப வேறை விளையாடுது."